பத்து: ஒரு சிறு சொல்லின் பல முகங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டம் ஒன்றிற்கு வந்திருந்த நடமாடும் மருந்தகத்தோடு நாமும் சென்றிருந்தோம். அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், மாலை வேளைகளில் காய்ச்சல் வருவதாகக் கூறி வந்து அமர்ந்தார். மேசையருகே இருந்த மலாய்த் தாதி, தோட்டத்து மக்கள் அழைப்பதுபோல் சொன்னால் 'மிஸ்ஸி', பரிவு மிக்கவர். தமிழரோடு பழகி, தமிழ் எண்களையும் சில சொற்களையும் கற்றிருந்தார். "காய்ச்சல் எத்தனை நாள், பாட்டி? ரெண்டு? மூணு?" என்று தமிழிலேயே வினவினார். அம்மையார் முகம் மலர்ந்து, "அஞ்சு நாளும்மா" என்றார். அடுத்து அத்தாதி, "பத்துக்?" என்று கேட்டார். "இல்லம்மா" என்று அம்மையார் தலையசைத்தார். தாதியும் அவ்வாறே எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

வெளித் திண்ணைக்கு வந்த அம்மையார் நம்மிடம், "அஞ்சு நாளுன்னு சொன்னேன் தம்பி. மறுபடியும் பத்தான்னு கேக்குறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவ்விருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டோம். "அது ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. அத யாரும் கேக்கலியே" என்றார்.

கேட்டார்கள். 'பத்துக்' என்பது மலாய் மொழியில் இருமல். அம்மையாரின் செவியில் அது தமிழ்ப் 'பத்து' ஆகிவிட்டது. அவரை மீண்டும் உள்ளே அழைத்துச் சென்று செய்தியைக் கூறினோம். சளிப் பரிசோதனை நடந்தது. காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் தவறாமல் மருந்துண்டு அவர் நலம் பெற்றார்.

இந்நிகழ்ச்சியில் தாதிமீது குற்றமில்லை. அம்மையார் மீதும் குற்றமில்லை. இரண்டு முழத் தொலைவில் நின்றுகொண்டிருந்தவர்கள் நாம். பள்ளியில் மொழி கற்பித்த பழக்கமும் நமக்குண்டு. இருந்தும் அந்த ஒரு சொல் நம் காதருகே தவறிச் சென்றதை நாமும் உணரவில்லை. ஆகவே, அந்தச் சிறு சொல்லைப் பற்றியே இம்மாதப் பாடத்தை அமைத்துக்கொள்வோம்.

தமிழில் பத்து

தமிழில் பத்து என்பது ஓர் எண். ஒன்பதை அடுத்து வருவது. பழைய தமிழ் எண் முறையில் இதற்கு '௰' என்னும் தனிக் குறி உண்டு. சங்க நூல்களுள் பத்துப்பாட்டு, பதிற்றுப்பத்து ஆகிய இரண்டின் பெயரிலும் இவ்வெண்ணே நிற்கிறது. பதினொன்று, இருபது, முப்பது என்பனவற்றிலும் இதுவே உருமாறி ஒளிந்திருக்கிறது.

நம் அண்டை வீட்டார் மொழிகளைப் பாருங்கள். மலையாளத்திலும் இது பத்துதான். தெலுங்கில் 'பதி' என்பர். கன்னடத்தில் 'ஹத்து' என்பர். கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்திலுள்ள பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியது. நம் 'பால்' அங்கே 'ஹாலு'. நம் 'புலி' அங்கே 'ஹுலி'. அந்த ஒழுங்கின்படியே பத்தும் ஹத்து ஆயிற்று. ஒலி மாறினும் பொருள் மாறவில்லை. ஏனெனில் இவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆயினும் தமிழுக்குள்ளேயே மற்றொரு பத்தும் உண்டு. எழுத்தில் 'பற்று' என்பது பேச்சில் 'பத்து' என ஒலிக்கும். வீக்கத்தின்மேல் அரைத்துப் பூசுவதைப் 'பத்துப் போடுதல்' என்கிறோம். உண்டபின் சோறு ஒட்டியிருக்கும் ஏனத்தைப் 'பத்துப் பாத்திரம்' என்கிறோம். அடுப்பில் தீ 'பத்திக்கொண்டது' என்கிறோம். ஒட்டுதல், பிடித்தல் என்னும் பொருளே இவற்றின் அடி. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என நிலப் பிரிவுகளின் பெயர்களிலும் பற்று என்னும் சொல் உண்டு. எண்ணாகிய பத்து வேறு. பற்றின் திரிபாகிய பத்து வேறு. ஒரே வீட்டிற்குள் ஒரே பெயர் கொண்ட இருவர் இருப்பது போன்றது இது.

மலாயில் பத்து

மலாய் மொழியில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் கல். இதன் முதலெழுத்தை நாம் 'பகல்' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலிக்கலாகாது. 'கம்பு' என்பதில் வரும் பகரம்போல் மென்மையாக ஒலிக்க வேண்டும். தகரமும் அங்கே நம் சொல்லிற்போல் அழுத்தி இரட்டிப்பதில்லை. எழுதும்போது மட்டும் வழக்கத்தையொட்டிப் 'பத்து' என்கிறோம்.

பேராக்கிலுள்ள பத்து காஜா 'யானைக்கல்' எனப் பொருள்படும். ஜொகூரிலுள்ள பத்து பகாட்டில் 'பகாட்' என்பது உளி. சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங்கில் 'ஆராங்' என்பது கரி. 1960ஆம் ஆண்டுவரை நிலக்கரி தோண்டப்பட்ட ஊர் அது. பினாங்கிலுள்ள பத்து பெரிங்கியில் 'பெரிங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்கும் பழைய சொல். நாம் 'பறங்கி' என்கிறோமே, அதுவும் இதுவும் அரபு, பாரசீக வழியாக வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.

கல் என்ற பொருளிலிருந்து கிளைத்தவை பல. 'ஆயேர் பத்து' என்றால் பனிக்கட்டி. நேர்பொருள் 'கல் நீர்'. நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் 'ஏபிசி'யின் விரிவு 'ஆயேர் பத்து சம்போர்', அதாவது கலவைப் பனிக்கட்டி. 'பத்து நிசான்' கல்லறைக் கல். 'பத்து காராங்' என்பது கடலிலுள்ள பவளப்பாறையையும் குறிக்கும். மருத்துவமனையில் சிறுநீரகக் கல்லையும் குறிக்கும். பிடிவாதக்காரனைக் 'கெப்பாலா பத்து' என்பர். கல் தலையன் என்று பொருள். நாம் இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். அவர்கள் கல்லைத் தலையில் வைத்தார்கள். நாம் நெஞ்சில் வைத்தோம்.

இன்னொரு பொருள் நமக்கு மிகவும் வேண்டியது. மலாயில் பத்து என்பது மைலையும் குறிக்கும். சாலையோரம் மைலுக்கொன்றாக நடப்பட்ட கல்லின் பெயரே தொலைவின் பெயராயிற்று. ஷா ஆலம் அருகிலுள்ள 'பத்து தீகா' மூன்றாம் மைல் எனப் பொருள்படும். செராஸ் சாலையில் 'பத்து 9', 'பத்து 11' என்று ஊர்ப்பெயர்கள் உள்ளன. இந்நாட்டுத் தமிழர் இதையே எப்படிச் சொன்னார்கள்? 'மூணாங்கட்டை', 'ஒன்பதாங்கட்டை' என்றார்கள். மைலைக் காட்டிச் சாலையோரம் நின்ற கட்டையைக் கொண்டே நாமும் தொலைவிற்குப் பெயர் வைத்தோம். சொல் வேறானாலும் நினைத்த முறை ஒன்றே. 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்திற்குப் பின்னர் நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. சாலைப் பலகைகளில் கிலோமீட்டர் வந்தது. ஆயினும் பத்தும் கட்டையும் ஊர்ப்பெயர்களில் இன்னும் நின்று நிலைக்கின்றன.

கடல் கடந்த கல்

இனி, இந்தக் கல் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்பதைக் காண்போம். ஜாவானிய மொழியில் இது 'வத்து'. பிலிப்பீன்ஸின் தகலோகு மொழியில் 'பதோ'. அங்கே கல்லையும் சிறுநீரகத்தையும் இச்சொல்லே குறிக்கும். மேற்கே, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள மடகாஸ்கர் தீவில் 'வாத்தோ'. கிழக்கே பசிபிக் கடலில் பிஜித் தீவுகளில் 'வத்து'; சமோவாவில் 'ஃபத்து'. தெற்கே நியூசிலாந்தின் மவோரி மக்கள் கூறும் 'ஃபத்து' கல்லையும் கண்ணின் மணியையும் குறிக்கும். 1980ஆம் ஆண்டு விடுதலை பெற்ற வனுவாட்டு நாட்டின் நாணயத்தின் பெயரும் 'வத்து'தான்.

மடகாஸ்கரிலிருந்து நியூசிலாந்து வரை ஒரு சொல் எவ்வாறு பரவியது? பாய்மரக் கலங்களில் ஏறிக் கடல்களைக் கடந்து தீவுதோறும் குடியேறிய மக்கள் தம் மொழியையும் கொண்டுசென்றனர். இம்மொழிக் குடும்பத்தை ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்பர். மலாய் அதன் ஓர் உறுப்பு. மடகாஸ்கர் மொழியின் மிக நெருங்கிய உறவு, போர்னியோ தீவின் மாஅன்யான் மொழியோடு அமைந்துள்ளது என்பது அறிஞர் கண்ட உண்மை.

ஒரு சொல் மட்டும் ஒத்திருந்தால் அதைத் தற்செயல் எனலாம். இங்கே அப்படியன்று. மலாயில் கண்ணுக்கு 'மாத்தா'. பிஜியிலும் மவோரியிலும் தகலோகிலும் அதுவே. மலாயில் ஐந்திற்கு 'லீமா'. பிஜியில் 'லிமா', மவோரியில் 'ரிமா', மடகாஸ்கரில் 'டிமி'. சொல்லுக்குச் சொல் ஒழுங்காக ஒத்துவரும்போதுதான் உறவு உறுதியாகிறது.

ஒப்புமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடலாகாது என்பதற்கும் சான்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'வாத்து' என்றால் மக்கள். ஜாவாவில் ஏறக்குறைய அதே ஒலி கல். தமிழிலோ அது குளத்தில் நீந்தும் பறவை. மக்களுக்கும் கல்லுக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. மனிதர் வாயில் பிறக்கக்கூடிய ஒலிகள் சிலவே. இரண்டு அசை கொண்ட சிறு சொற்கள் உலகின் பல மூலைகளில் தனித்தனியே ஒரே வடிவில் பிறந்துவிடுகின்றன. மலாயின் 'துவா'வும் இந்தியின் 'தோ'வும் இரண்டும் 'இரண்டு' என்னும் ஒரே பொருளைத் தரினும், அவையுங்கூட வெவ்வேறு வேரிலிருந்து வந்தவையே.

உறவு, கடன், தற்செயல்

ஆக, இருமொழிச் சொற்கள் ஒத்திருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது உறவு. தமிழ்ப் பத்தும் கன்னட ஹத்தும் உறவு. மலாய்ப் பத்தும் பிஜியின் வத்தும் உறவு.

இரண்டாவது கடன். நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. முதல் என்னும் தமிழ்ச்சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வாணிகத்திற்கு இடும் பணத்தையும் குறிக்கும். மலாய் 'மோடால்' பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நாமும் கடன் வாங்கினோம். மலாய்க் 'கம்போங்'கைக் 'கம்பம்' ஆக்கிக்கொண்டோம். 'கம்பத்து வீடு' என்றால் இந்நாட்டுத் தமிழர்க்குச் சிற்றூரிலுள்ள வீடு. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்க்கோ கம்பம் ஒரு தூண், அல்லது தேனி மாவட்டத்து ஊர்.

மூன்றாவது தற்செயல். தமிழ்ப் பத்தும் மலாய்ப் பத்தும் இவ்வகையின. எண்ணுக்கும் கல்லுக்கும் இடையே வேர் உறவு இல்லை. தற்செயல் சில வேளை நம்மைக் கேலி செய்வதுபோலவும் வரும். கலகம் மூட்டுபவனை மலாயில் 'பத்து ஆப்பி' என்பர், நேர்பொருள் தீக்கல். நாம் அவனைப் 'பத்த வைக்கிறவன்' என்கிறோம். பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆனால் உறவும் இல்லை, கடனும் இல்லை.

பத்துமலையின் பெயர்

இங்கே பலர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. பத்துமலைக்கு அப்பெயர் எப்படி வந்தது?

அறுபடை வீடுகள் தமிழ்நாட்டில் ஆறு. இந்நாட்டில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை ஆகியவை மூன்று. இவற்றோடு சேர்த்துப் பத்தாவதாக எண்ணப்படுவதால் பத்துமலை என்று பக்தர்கள் கூறுவர். கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் அம்மலையின் அடியில் ஓடும் ஆற்றின் பெயர் 'சுங்கை பத்து', அதாவது கல்லாறு. அவ்வாற்றின் பெயரே குகைக்கும் சுற்றுவட்டாரத்திற்கும் வழங்கியது. 1891ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் அங்கே முருகன் வழிபாடு தொடங்கியது. மறு ஆண்டு முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. பெயர் முன்னே இருந்தது. நம்மவர் சென்று அதைத் தமிழ்ச் செவியால் கேட்டு, தமிழ்ப் பொருளைத் தந்தனர்.

இதை அறிவதால் பத்துமலையின் பெருமை குறையுமா? குறையாது. 272 படிகளில் ஏறுகிறவர் எவரும் பெயரின் வேரைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. 2006ஆம் ஆண்டு எழுந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் அதைக் கேட்டு நிற்கவில்லை. மேலும் ஒன்று கவனியுங்கள். ஈப்போவிலுள்ள தலத்தை நாம் கல்லுமலை என்கிறோம். கோலாலம்பூர் அருகிலுள்ள தலத்தின் பெயரிலும் மலாயில் நிற்பது கல்லே. எனவே, கல்லுமலையும் பத்துமலையும் இரு மொழிகளில் ஏறக்குறைய ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் இரு மலைகள். இது நாம் இட்டுக்கட்டிய கதையினும் அழகிய உண்மையன்றோ?

செவி முதலில் செய்யும் வேலை

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். அவருக்கு மலாய் தெரியாதா? தெரியும். இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். 'பத்துக்' என்றால் இருமல் என்பதை எத்தனையோ முறை கடையில் மருந்து கேட்கும்போது அவரே சொல்லியிருப்பார். அப்படியிருந்தும் ஏன் தவறினார்? தாதி அதுவரை தமிழ் எண்களைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அம்மையாரின் செவி தமிழில் நின்றது. 'பத்துக்'கின் இறுதிக் ககரம் மலாயில் தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும். எஞ்சிய ஒலியைத் தமிழ்ச் செவி தமிழாகவே கேட்டது.

நம் செவி முதலில் மொழியைத் தீர்மானிக்கிறது. பின்னரே சொல்லைக் கேட்கிறது. பாடத்தின் சாரம் இதுவே. மொழி அறியாதவர் மட்டுமே தவறுவர் என்பதில்லை. இரு மொழி அறிந்தவரும், ஒன்றில் நிற்கும்போது மற்றொன்று வந்தால் தவறுவர். இன்றைய தோட்டங்களில் தமிழர், மலாய்க்காரர் மட்டுமன்றி இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரும் உடன் பணிபுரிகின்றனர். ஆகவே இந்த எச்சரிக்கை முன்னினும் இன்று அதிகம் வேண்டும்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதிலும் இடர் உண்டு. 'பத்துக் கெரிங்' என்பதன் நேர்பொருள் வறட்டு இருமல். ஆனால் மலாயில் அது காசநோய்க்குரிய பழைய பெயர். "உங்கள் தந்தைக்குப் பத்துக் கெரிங் இருந்ததா?" என்று கேட்கப்படும்போது, "சாதாரண வறட்டு இருமல்தானே" என்று கருதி மறுமொழி கூறினால் பெருந்தவறாகும்.

ஆகவே, மருந்தகத்திற்குச் செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். கேட்டதற்கு 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லாமல் முழுச் செய்தியையும் கூறுங்கள். எண்ணைச் சொல்லும்போது விரல்களையும் காட்டுங்கள். ஐயமிருந்தால் திருப்பிக் கேட்கத் தயங்காதீர்கள். திருப்பிக் கேட்பது அறியாமையின் அடையாளமன்று. கேட்கப்படாவிடினும், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலை நீங்களே சொல்லுங்கள். காசநோய் உரிய மருந்தால் குணமாகக்கூடியது. மறைந்திருந்தால் வீட்டிலுள்ளோரையும் பற்றும்.

மனப்பாடம் செய்ய நான்கு வாக்கியங்கள்

"சாயா பத்துக், சூடா துவா மிங்கு." எனக்கு இருமல், இரண்டு வாரமாகிறது.

"சாயா தாக் பஹாம்." எனக்கு விளங்கவில்லை.

"தோலோங் சாக்காப் பெர்லாஹான்." தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள்.

"ஆப்பா மக்சூட்ஞா?" அதன் பொருள் என்ன?

இறுதி வாக்கியத்தின் முதற்சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் 'அப்பா' என்று சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மலாயில் அது 'என்ன' என்று பொருள்படும் என்பதைச் சிரிப்போடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், மறக்காது.

பயிற்சி

1. உங்கள் தோட்டத்திற்கு அருகில் 'பத்து' என்று தொடங்கும் ஊர் உண்டா? அங்கே அது கல்லைக் குறிக்கிறதா, மைலைக் குறிக்கிறதா? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுக.

2. உங்கள் பகுதியில் 'கட்டை' என்று முடியும் இடப்பெயர்களை எழுதி, மலாயில் அவ்விடங்களை எப்படி அழைக்கின்றனர் என்பதையும் குறிக்க.

3. கெடாய், மாத்தா, ஹத்து, கம்பம், வாத்து: இவற்றை உறவு, கடன், தற்செயல் என வகைப்படுத்துக.

4. உங்களோடு பணிபுரியும் வேற்றுமொழி நண்பர் ஒருவரிடம், அவர் மொழியில் கல்லுக்கும் பத்துக்கும் இருமலுக்கும் உரிய சொற்களைக் கேட்டறிக. அறிந்ததை வீட்டில் பாட்டிக்கும் சொல்லுக.